நூறில் ஒரு துகள்

வேளச்சேரியில் சாலையோரம் ஒரு தம்பி உட்கார்ந்து ஃபைபர் கேபிளை ஒட்டிக்கொண்டிருந்தார்.

தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை. முனையை நறுக்கி, துடைத்து, சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடினார். திரையில் ஒளி இழப்பு 0.08 டெசிபல் என்று காட்டியது. அவருக்குத் திருப்தியில்லை. வெட்டிவிட்டு மறுபடி ஒட்டினார்.

ஒளித்துகள்களின் நிலையில் தகவலை ஏற்றி அனுப்பும் குவாண்டம் தகவல்தொடர்புக்கு அந்த அக்கறைதான் உயிர்.

1984இல் பென்னட், பிராசார் என்ற இரு விஞ்ஞானிகள் சொன்ன முறையில், செய்தியைப் பூட்டவும் திறக்கவும் உதவும் ரகசிய எண்வரிசை, அதாவது சாவி, ஒற்றை ஒளித்துகள்களில் போகிறது. நடுவில் யாராவது அளந்து பார்த்தால் துகளின் நிலை கலையும், பிழை கூடும், ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும்.

ஆனால் நல்ல ஃபைபரிலேயே 100 கிலோமீட்டர் தாண்டினால் நூறில் ஒரு துகள்தான் மிஞ்சும். வழக்கமான இணையத்தில் வழியில் ஒளியைப் பெருக்கிக்கொள்ளலாம். இங்கே முடியாது, தெரியாத குவாண்டம் நிலையை நகலெடுக்க இயற்கை விடாது.

அதனால்தான் பெய்ஜிங்–ஷாங்காய் இடையிலான 2,000 கிலோமீட்டர் தடத்தில் 32 நிலையங்கள். ஒவ்வொன்றிலும் சாவி வெளியே வந்து மறுபடி பூட்டப்படுகிறது. அந்தக் கட்டடங்களை நம்பித்தான் ஆகவேண்டும். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

நம் நாட்டில் 2022 பிப்ரவரியில் டிஆர்டிஓவும் டெல்லி ஐஐடியும் பிரயாக்ராஜ்–விந்தியாசல் இடையே, ஏற்கெனவே போட்டிருந்த ஃபைபரிலேயே 100 கிலோமீட்டருக்கு மேல் இப்படிச் சாவி அனுப்பிக் காட்டினார்கள். தேசிய குவாண்டம் திட்டத்தின் தகவல்தொடர்பு மையம் நம்ம சென்னை ஐஐடியில்தான்.

அடுத்து வேண்டியது குவாண்டம் ரிப்பீட்டர், அதாவது வழியில் சாவியை வெளியே எடுக்காமல், நிலையை நகலெடுக்காமல் தூரத்தை நீட்டும் கருவி. அதற்கு, துகளின் நிலையைக் கலைக்காமல் பிடித்து வைக்கும் நினைவகம் வேண்டும். பணத்தையும் ஆட்களையும் அங்கேதான் கொட்ட வேண்டும்.