கிட்டாரோடு பாட வாய் வந்த கதை

கிட்டார் தனியாக வாசிப்பேன், தனியாகப் பாடவும் பாடுவேன். இரண்டையும் சேர்த்தால்தான் தகராறு. வாயைத் திறந்ததுமே வலது கை ஸ்ட்ரம்மிங்கை, அதாவது கம்பிகளை மேலும் கீழும் வருடி வாசிப்பதை, விட்டுவிட்டுப் பாட்டின் சொற்களுக்குப் பின்னால் ஓடும். அசைக்கு ஒரு அடி. கேட்கச் சகிக்காது.

சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து மெதுவாக வாசித்ததில் கை ஓரளவு நின்றது. ஆனால் முடிச்சு அவிழ்ந்தது திருவையாற்று அத்தை வீட்டில்தான். கிட்டாரைத் தொட்டே பார்க்காதவர், கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அதைக் கீழ வைடா, தாளம் போட்டுப் பாடு" என்றார்.

தியாகராஜர் ஆராதனையில் பஞ்சரத்னம் என்ற அவருடைய ஐந்து கீர்த்தனைகளைப் பாடும் கூட்டத்தைக் கவனித்திருப்பீர்கள். ஐந்தும் ஆதி தாளம். வாய் எங்கே இழுத்தாலும் கை எட்டு எண்ணிக்கையை விடாது. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. கிட்டாரின் நாலு நாலு கணக்கை இரண்டு முறை போட்டால் இதே எட்டுதான்.

தொடையில் போட்டுப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது. நான் பாடிய பாட்டு சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், தொடங்கவில்லை, அரை எண்ணிக்கை தள்ளித்தான் எடுப்பு. அதாவது கை கீழே இறங்கும் முதல் டவுன் ஸ்ட்ரோக்கில் வாய் சும்மா இருக்க வேண்டும். கை மேலே வரும்போதுதான் முதல் சொல்.

அதற்கப்புறம் கை மேலே வரும் அப் ஸ்ட்ரோக்கில் கம்பியைத் தொடாமல் டவுன் மட்டும் வாசித்தேன். டிவியில் செய்தி பார்த்துக்கொண்டே வாசித்தாலும் கை தடுமாறாத அளவுக்கு. பிறகு பாடவில்லை, வரிகளைப் பேசினேன். ராகம் இல்லாமல், தாளத்துக்குள் சும்மா பேச்சு. எனக்கு அதிகம் உதவியது இதுதான். எந்த எழுத்தில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) மாறுகிறதோ அதைப் பென்சிலால் சுழித்துக்கொண்டேன். பேச்சு உட்கார்ந்த பிறகு ராகம் தானாக ஏறியது. அப் ஸ்ட்ரோக்கைக் கடைசியில்தான் சேர்த்தேன்.

சுருதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜி, சி, டி கார்டுகளில் வாசித்தால் சுருதி ஐந்து கட்டை (நம்மூரில் சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு), எனக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். டி, ஜி, ஏ என்று மாற்றியதும் இரண்டு கட்டை, தொண்டைக்கு நிம்மதி. அத்தை மகள் பாடினால் பழைய ஜி வடிவங்களே போதும். முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் உள்ள முதல் கட்டத்தில்) கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ கிளிப்பைப் போட்டால் அவளுடைய ஐந்தரை கட்டை வந்துவிடும்.

எண்ணிக்கைக்கு மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடைப் பாட்டுகள் மட்டும் இன்னும் வசப்படவில்லை. இப்போதைக்கு மூன்று மூன்றாகக் கை தட்டிக்கொண்டிருக்கிறேன்.