காயடிக்கிற வயசு வர்றதுக்குள்ள முயல் வீட்டையே நனைச்சா என்ன செய்றது

ரெண்டு மாசக் குட்டியா இருக்கயில மூத்திரம் போக வச்ச பேசினுக்குள்ள, அதாவது அகலப் பாத்திரத்துக்குள்ள, ஒழுங்கா போயிட்டிருந்த முயல், நாலாவது மாசம் வந்ததும் பாய், மெத்தை, ஸ்கூல் பேக்னு கண்ட இடத்த நனைக்க ஆரம்பிக்கும், அந்த நேரத்துலதான் நிறைய பேர் வெறுத்துப்போய் அத யாருக்காவது தூக்கிக் குடுத்துர்றாங்க. தயவுசெஞ்சு குடுத்துறாதீங்க. நாங்க அதத் தாண்டி வந்துட்டோம், அதுவும் இலங்கை மலைநாட்டுல டிக்கோயா பக்கம் மழையும் மூட்டமுமா இருக்கிற ஒரு லயத்து வீட்டுல, தோட்டத்துல வரிசையா ஒட்டிக் கட்டின வீடுதான் லயம்.

எங்ககிட்ட இருக்கிறது ரெண்டு, ஆணு பேரு மொட்டு, பொட்ட பேரு சாம்பி. குட்டியில பழக்குறது லேசாதான் இருந்துச்சு, அதுங்க எந்த மூலைய தேடிப் போகுதோ அந்த மூலையிலயே ஒரு பழைய பேசின வச்சு, அடியில பேப்பர் விரிச்சு, மேல காஞ்ச புல்லு போட்டோம். முயலு தின்னுக்கிட்டே புழுக்கை போடும், அதனால புல்லு பேசினுக்குள்ளயே இருந்தா பாதி வேலை தன்னால முடிஞ்சிரும். மில்லுல மரத்தூள் சும்மா கிடைக்கும்தான், ஆனா பைன் மரத்தூள் வாசம் முயலோட மூச்சுக்கும் ஈரலுக்கும் ஆகாது, பூனைக்கு விக்கிற கட்டியாகுற மண்ணும் வேணாம், அத தின்னுட்டா வயித்துக்குள்ள அடைச்சுக்கும்.

முதல்ல மாறினது மொட்டுதான். நடக்கயில கால சுத்தி சுத்தி ஓடுவான், தொண்டைக்குள்ள ஒரு மாதிரி உறுமல் சத்தம் வரும், அப்பிடியே ஒரு துள்ளு துள்ளி பக்கவாட்டுல பீச்சி அடிப்பான். தம்பியோட வெள்ளை கால்சட்டை, இஸ்தோப்புல, அதாவது முன் திண்ணையில, தொங்குன அப்பாயி கொழுந்தெடுக்கயில இடுப்புல கட்டுற படங்கு, எதையும் விடல. பழக்கினதெல்லாம் போச்சேன்னு அம்மாவுக்கு ஒரே கவலை. ஆனா பேசின தூக்கிப் பார்த்தா அடியில பேப்பர் சொதசொதன்னு நனைஞ்சிருக்கும், அதாவது வயிறு முட்டுனா அவன் இன்னமும் அங்கதான் போறான், வெளிய இருக்கிறது கொஞ்சம் கொஞ்சம் தெளிச்சதும் அங்கங்க ஒத்தையா சிதறிக் கிடக்குற புழுக்கையும்தான். அது இது என் இடம்னு அடையாளம் வைக்கிறது. ஆணுக்கு மூணரை, நாலு மாசத்துலயும் பொட்டைக்கு நாலுலருந்து ஆறு மாசத்துக்குள்ளயும் ஹோர்மோன் ஏறயில இது வரத்தான் செய்யும், கோவமோ திமிரோ இல்ல. பூனைக்குட்டி மூக்க தேய்ச்சு விடுறமாதிரி செய்ங்கன்னு பக்கத்து காம்பரா வீட்டுல இருக்கிறவங்க சொன்னாங்க, முயலுக்கு அது ஒண்ணும் விளங்காது, நம்மள கண்டா பயந்து ஒளியிறது மட்டும்தான் மிச்சம்.

இங்க உண்மையான எதிரி ஈரம். மே மாசம் மழை புடிச்சா பேப்பரும் காயாது புல்லும் காயாது, நனைஞ்ச பேசின்ல உக்கார எந்த முயலுக்குத்தான் மனசு வரும், பக்கத்துல காஞ்ச பாய்தான் அதுக்கு நல்ல இடமா தெரியும். அதனால காலையிலயும் அந்தியிலயும் பேப்பர் மாத்துறது, ஆனா நனைஞ்ச பேப்பர்ல ஒரு சின்ன துண்ட மட்டும் திரும்ப உள்ளயே போடுறது, அந்த வாசத்துக்குத்தான் அது மறுபடி அங்க வரும். வெளிய தொடச்ச பேப்பரையும் சிதறின புழுக்கையையும் கூட்டி பேசினுக்குள்ளயே போட்டுருவோம். இங்க மழை கொட்டுற அதே மாசங்கள்ல ஊவா பக்கம் நல்ல வெயில், பண்டாரவளையில இருக்கிற சித்தி கினி புல்ல வெட்டி காயவச்சு சாக்குல கட்டி பஸ்ஸுல அனுப்பும், அது இல்லாட்டி நாங்க ரொம்ப சிரமப்பட்டிருப்போம்.

சீமெந்து தரையில முயல் மூத்திரம் காஞ்சா வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி படிஞ்சிரும், அதுல கல்சியம் அதிகம். சவுக்காரம் போட்டு எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. வினாகிரிய (வினிகர்) ஊத்தி கொஞ்ச நேரம் விட்டா பொங்கி பொங்கி வரும், பொறவு ஒரு துணியால தொடச்சா சுத்தமாயிரும், வாசமும் போயிரும், வாசம் போனாத்தான் அதே இடத்துக்கு திரும்ப வராம இருக்கும். ஒரு நாள் மூத்திரம் செங்கல் நிறத்துல இருந்துச்சுன்னு அம்மா அழுதுட்டாங்க, இலை தழை சாப்பிடுறத பொறுத்து அப்பிடி நிறம் மாறும், பயமில்ல. ஆனா சொட்டு சொட்டா ரத்தம் தனியா தெரிஞ்சாலோ, முக்கி முக்கிப் போனாலோ உடனே டொக்டர்கிட்ட காட்டணும்.

சாம்பி வேற விதம். அவ பீச்சல, நேரா மெத்தையில போயிட்டு உக்காந்துருவா, பொறவு நெஞ்சு முடிய பிச்சு வாயில புல்லோட சேர்த்து தூக்கிட்டு போய் மூலையில கூடு கட்டுனா. அதுங்களுக்கு மூணு மாசம் ஆகுறதுக்கு முந்தியே ரெண்டையும் பிரிச்சு வச்சிட்டதால குட்டி இல்லன்னு எங்களுக்கு நல்லா தெரியும், அது பொய் சினை. பிரிக்காம விட்டிருந்தா 31 நாள்ல குட்டி நிக்கும், அண்ணன் தங்கச்சியா பிறந்திருந்தாலும் அதுங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அவளுக்கு காம்பரா முழுக்க விடுறத நிறுத்திட்டு கம்பி வலையால ஒரு சின்ன இடம் மட்டும் அடைச்சு குடுத்தோம், மெத்தைப் பக்கம் வழியே இல்ல. பேசின்ல ஒழுங்கா போகப் போக வலைய கொஞ்சம் கொஞ்சமா தள்ளி வச்சோம்.

ஒப்பரேஷனுக்கு டொக்டர் தேடுறதுதான் மலைநாட்டுல பெரிய பாடு, பக்கத்துல இருக்கிறவங்க மாடும் நாயும்தான் கூட பார்க்குறவங்க. கடைசியில கண்டியில ஒரு இடம் கிடைச்சுது. முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, முயலுக்கு இதுக்கு முந்தி செஞ்சிருக்கீங்களான்னு. ரெண்டாவது, பட்டினி போட்டுட்டு கொண்டுவாங்கன்னு சொன்னா யோசிங்க, முயலால வாந்தி எடுக்கவே முடியாது, வயிறு வெறுமையா நின்னுட்டா குடலும் நின்னுரும். நாங்க கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளைன்னு பஸ்ஸுல போகயில கூடைக்குள்ள புல்லு இருந்துகிட்டே இருந்துச்சு. மொட்டுக்கு விதை இறங்கினதும் செஞ்சாங்க, சாம்பிக்கு ஆறு மாசம் ஆகட்டும்னு சொல்லி தள்ளி வச்சாங்க. பொட்டைய கட்டாயம் செய்ங்க, செய்யாம விட்டா வயசாகயில கருப்பையில கேன்சர் வர்றது முயலுக்கு சர்வ சாதாரணம்.

ஒப்பரேஷன் செஞ்ச மறுநாளே எல்லாம் சரியாகும்னு எதிர்பார்க்காதீங்க. ஹோர்மோன் இறங்க நாலு ஆறு கிழமை எடுக்கும், அதுவரைக்கும் பேசின், வினாகிரி, வலை எல்லாம் அப்பிடியே தொடரணும், அந்த நாலு ஆறு கிழமையும் ஆணுகிட்ட குட்டி குடுக்கிற சக்தியும் இருக்கும், அதனால பொட்டைக்கிட்ட விடவே கூடாது. மொட்டு பீச்சுறது கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு இப்ப இல்லவே இல்ல, சாம்பியும் மெத்தைய மறந்துட்டா. வலைக்கு அந்தப் பக்கம் மற்றது வந்து நின்னா மட்டும் ஓரத்துல ரெண்டு புழுக்கை போட்டுட்டு போகும், அத கூட்டி எடுத்துட்டு, இனி ரெண்டையும் யாருக்கும் சொந்தமில்லாத இடமா இஸ்தோப்புல கொஞ்ச நேரம் ஒண்ணா விட்டுப் பார்க்கப் போறோம்.