சமூக உளவியல் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போகலாம்?

சுற்றியிருப்பவர்கள் நம் எண்ணத்தையும் நடத்தையையும் எப்படி மாற்றுகிறார்கள் என்று பார்ப்பதுதான் சமூக உளவியல். அதற்கென்று தனி முதுகலைப் பட்டம் நம் பக்கத்தில் தேடினால் கிடைப்பது அரிது. உளவியலில் சேர்ந்து, இதை ஒரு தாளாகப் படித்து, ஆய்வேட்டை இந்தப் பக்கம் திருப்பிக்கொள்வதுதான் நடைமுறை. கடலூர்க்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நான் சேர்ந்தது காலாப்பட்டில். அங்கே சேர க்யூட் பிஜி நுழைவுத்தேர்வு எழுத வேண்டும்.

வகுப்பில் உளவியலாளர் மில்கிராமின் கீழ்ப்படிதல் சோதனை வரும்போது எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். 1960களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில், அடுத்த அறையில் இருப்பவருக்கு ஷாக் கொடுக்கச் சொன்னபோது, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். (ஷாக் நிஜமில்லை.) வீட்டில் சொல்லிக்காட்ட அருமையான கதை. ஆனால் பிற்பாடு எனக்குச் சோறு போட்டது, பலரும் தூங்கி வழிந்த ஆய்வு முறையியலும் புள்ளியியலும்தான்.

என் ஆய்வேடு, புயல் எச்சரிக்கை வந்தும் மக்கள் ஏன் உடனே முகாமுக்குப் போவதில்லை என்பது பற்றி. கடலூர் கடற்கரையில் இருக்கும் தேவனாம்பட்டினத்தில் கேள்வித்தாளோடு உட்கார்ந்தேன். 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் பார்த்த ஊர். 'முழுவதும் ஒப்புக்கொள்கிறேன்' தொடங்கி 'சற்றும் ஒப்புக்கொள்ளவில்லை' வரை ஐந்து கட்டம். மீன் கூடையை இறக்கி வைத்த ஒரு அம்மா, "நீயே பார்த்து நல்லதா போட்டுக்க பாப்பா" என்றார். பலர் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு கேள்விகளுக்கும் 'ஆமாம்' என்றே சொன்னார்கள். இதைக் கண்டுபிடிக்கத்தான் அப்படி எதிர்க்கேள்விகளை இடையில் வைப்பது.

அப்புறம் கைடு சொன்னபடி தாளை மூடிவிட்டு, "போன புயலப்ப பக்கத்து வீட்டுல என்ன செஞ்சாங்க?" என்று மட்டும் கேட்டேன். பேச்சு கொட்டியது. அவர்கள் கிளம்பவில்லை, அதனால் நாங்களும் கிளம்பவில்லை. வலையையும் ஆட்டையும் யார் பார்ப்பது? டார்லி, லடானே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-இல் புகை நுழையும் அறையில் ஆட்களை உட்காரவைத்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது. தனியே இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே வந்து சொன்னார்கள். கூட இருந்த இருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது சொன்னவர்கள் 10 சதவீதம்தான்.

சரி, வேலை. முதலில் சென்னையில் ஒரு சந்தை ஆய்வு நிறுவனம். சம்பளம் சுமார், களத்துக்குப் போனவர்கள் டீக்கடையிலேயே படிவத்தை நிரப்பியதையும் பார்த்தேன். ஒரே மாதிரி விடைகள் வரிசையாக வந்தால் போதும், பிடித்துவிடலாம். இப்போது புதுச்சேரியில் ஒரு தொண்டு நிறுவனத்தில், திட்டங்கள் பலன் தந்தனவா என்று மதிப்பிடும் வேலை. கூடப் படித்தவர்களில் சிலர் எச்.ஆர்., சிலர் பெங்களூரு ஐ.டி. நிறுவனங்களில் பயனர் ஆய்வு, அதாவது ஒரு செயலியை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது. கல்லூரி ஆசிரியர் ஆகும் எண்ணமிருந்தால் நெட் தேர்வை முதல் வருடத்திலிருந்தே பார்த்துவையுங்கள்.

நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் ஆசையில் வருகிறவர்களுக்கு இந்த வழி சரிவராது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து அங்கே பதிவு செய்ய வேண்டும். வெறும் எம்.எஸ்சி.யை வைத்துக்கொண்டு அந்தப் பெயரில் போர்டு மாட்ட முடியாது. இதை எங்கள் வகுப்பில் பாதிப்பேர் கடைசிப் பருவத்தில்தான் விசாரித்தார்கள்.