சர்வருக்குள்ள ஒளிஞ்சிருக்குற குட்டி வெப் சர்வர்

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிங்களுக்கு சீசன் வந்துட்டா ராத்திரி பகல் கிடையாது, பெங்களூரா மாங்கா லோடு லாரி லாரியா வந்து எடைமேடைல நிக்கும், அந்த நேரம் பார்த்துதான் பில் போடுற சர்வர் ஹேங் ஆகும். நான் இருக்குறது ஓசூர். முன்னாடின்னா வாட்ச்மேன் அண்ணனுக்கு போன் போட்டு "அண்ணே, பச்சை லைட் எரியுதுல்ல, அந்த பட்டன அமுக்கிப் பிடிங்க"ன்னு சொல்லணும், அவரு எந்தப் பெட்டிய அமுக்குவாருன்னு அவருக்கே தெரியாது. இப்ப போன்ல ஒரு பேஜ தொறந்து நானே ரீசெட் குடுத்துடுறேன்.

அந்த பேஜ் எங்கிருந்து வருதுன்னு நிறைய பேருக்குத் தெரியல. சர்வர் போர்டுலயே பிஎம்சின்னு தனியா ஒரு சிப்பு இருக்கு. ஏஎஸ்டி2500 மாதிரி, 800 மெகாஹெர்ட்ஸ் ஏஆர்எம், அதுல ஒரு குட்டி லினக்ஸ், அதுக்குள்ள ஒரு குட்டி வெப் சர்வர். ஸ்டான்ட்பை கரண்ட்லயே ஓடும், அதனால மெயின் மெஷின் ஆஃப்ல இருந்தாலும், விண்டோஸ் செத்துக் கெடந்தாலும் இது முழிச்சிருக்கும். ஃபேன் ஸ்பீடு, டெம்பரேச்சர், பவர், பயாஸ் ஸ்க்ரீன் எல்லாம் பாக்கலாம், ஐஎஸ்ஓ, அதாவது இன்ஸ்டால் டிஸ்க்கோட ஃபைல, தூரத்துல இருந்தே மவுன்ட் பண்ணி ஓஎஸ்ஸே போடலாம். எச்பி இதுக்கு ஐலோன்னு பேரு வச்சிருக்கான், டெல் ஐட்ராக்னு. விஷயம் ஒண்ணுதான்.

இத்தனை வேலை பண்ற சாமானுக்கு நாம குடுக்குற மரியாதை இருக்கே, வீட்டு வைஃபை ரவுட்டருக்குக் கூட அதவிட அதிகமா குடுப்போம். விண்டோஸ் பாஸ்வேர்டு மட்டும் போச்சுன்னா ஒரு ஓஎஸ்ஸோட போச்சு, பிஎம்சி பாஸ்வேர்டு போச்சுன்னா பெட்டியே போச்சு.

பிஎம்சிகிட்ட வெளிய இருந்து பேசுறதுக்கு ஐபிஎம்ஐன்னு ஒரு ஸ்டான்டர்டு இருக்கு, அதோட 2.0 வந்தது 2004ல. அதுல லாகின் பண்றப்ப, நீங்க யாருன்னு உறுதியாகுறதுக்கு முன்னாடியே பிஎம்சி உங்க பாஸ்வேர்டுல இருந்து கணக்குப் போட்டு செஞ்ச ஒரு கோட, ஹேஷ்னு சொல்லுவாங்க, அனுப்பிடும். யார் கேட்டாலும் அனுப்பும், யூசர் நேம் சரியா இருந்தா போதும். அத வாங்கிட்டு வந்து வீட்ல உக்காந்து நிதானமா உடைக்கலாம். இது பக் இல்ல, ஸ்டான்டர்டே அப்படித்தான் எழுதியிருக்கு, அதனால பேட்ச்சும் வராது. பாஸ்வேர்டும் 20 எழுத்துக்கு மேல வைக்க முடியாது. அதுக்குப் பதிலா ரெட்ஃபிஷ்னு 2015ல வந்த புது ஸ்டான்டர்டு எச்டிடிபிஎஸ், ஜேசான்னு கொஞ்சம் மனுஷத்தனமா இருக்கு, முடிஞ்சா அத வச்சுக்கிட்டு ஐபிஎம்ஐ ஓவர் லேன ஆஃப் பண்ணிடுங்க.

வெப் சர்வர் கதையும் அப்படித்தான். நிறைய பிஎம்சிக்குள்ள ஓடுற வெப் சர்வர் சாப்ட்வேர் லைட்டிபிடி, அதுல ஒரு ஓட்டைய 2018ல சத்தமில்லாம அடைச்சாங்க, ஓட்டைங்கள ஊருக்கே தெரியப்படுத்துற சிவிஇ நம்பர் எதுவும் போடல. நம்பர் இல்லைன்னா ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள்ள ஓடுற சாப்ட்வேர், பண்றவன் எதுக்கு கவனிப்பான்? 2024ல தேடிப் பாத்தா இன்டெல், லெனோவா சர்வர் போர்டுங்கள்ல அதே பழைய வெர்ஷன் உக்காந்துட்டு இருக்கு.

இன்னொண்ணு, இது முக்கியம். பிஎம்சிக்குன்னு இருக்குற தனி லேன் போர்ட்டுல, மேனேஜ்மென்ட் போர்ட்டுன்னு பேரு, கேபிளே சொருகல, அதனால சேஃப்னு நெனைச்சுக்காதீங்க. நிறைய போர்டுல ஃபெயில்ஓவர்னு ஒரு செட்டிங் டீஃபால்ட்டா இருக்கும், தனி போர்ட்டுல லிங்க் இல்லைன்னா பிஎம்சி சாதா லேன் போர்ட்டு வழியாவே வந்து ஐபி வாங்கிக்கும். ரவுட்டர் யாருக்கெல்லாம் ஐபி குடுத்துச்சுன்னு காட்டுற டிஹெச்சிபி லிஸ்ட்ல பேர் தெரியாத ஒரு மேக் அட்ரஸ் இருந்தா இவன்தான்னு சந்தேகப்படுங்க.

நான் பண்றது பெருசா ஒண்ணும் இல்ல. பிஎம்சிக்குன்னு தனி விலான், அதாவது லேனுக்குள்ளயே பிரிச்சு வச்ச தனி நெட்வொர்க், அதுக்கு நெட் கிடையாது, வெளிய இருந்து வயர்கார்டு விபிஎன் போட்டாதான் உள்ள வர முடியும். வெளிய நெட்ல இருந்து நேரா வர்ற மாதிரி போர்ட் ஃபார்வேர்ட் பண்ணிக் குடுங்கன்னு ஓனர் கேட்டா கூட மாட்டேன்னுடுவேன். அப்புறம் நெட்வொர்க்ல இருந்து சரியான நேரம் எடுத்துக்குற என்டிபிய செட் பண்ணிடுவேன், இல்லைன்னா ஃபேன் 1970 ஜனவரில பழுதாச்சுன்னு லாக்ல எழுதி வச்சிருக்கும்.

பெங்களூரு எஸ்பி ரோடு போயி செகன்ட் ஹேன்ட் சர்வர் வாங்குற நம்ம ஊர் பசங்களுக்கு: கோர் எத்தனை, ராம் எவ்ளோன்னு மட்டும் கேக்காதீங்க. ரிமோட் கன்சோல் எச்டிஎம்எல்5ஆ, ஜாவாவான்னு கேளுங்க, ஜாவான்னா இப்ப இருக்குற பிரவுசர்ல வேலைக்கு ஆகாது. கன்சோலுக்கு லைசன்ஸ் தனியா வேணுமான்னும் கேளுங்க, சில மாடல்ல ஓஎஸ் பூட் ஆன உடனே ஸ்க்ரீன கட் பண்ணிட்டு காசு கட்டுன்னு சொல்லும். கடைக்காரர் முன்னாடியே பிஎம்சிய ஃபேக்டரி ரீசெட் பண்ணி, ஃபர்ம்வேர் தேதிய பாத்துட்டு காசு குடுங்க.