கூடுதல் பொறுப்பு

"சாம்பிள் எடுக்கிறது சரி சார், துட்டு எதுக்குக் குடுக்கிய?" என்றார் மளிகைக்கடை அண்ணாச்சி. நான் உணவு பாதுகாப்பு அலுவலர். மாதிரிக்கு எடுக்கும் பொருளைக் கடை விலைக்குத்தான் வாங்க வேண்டும், உணவு பாதுகாப்புச் சட்டம் அப்படி. சும்மா அள்ளிக்கொண்டு போகும் அதிகாரிகளையே பார்த்துப் பழகியிருப்பார் போல.

அன்று நான் ஒன்றையும் விடவில்லை. ஒரே பேட்ச் கடலை எண்ணெய் நாலு பாக்கெட். நாலுக்கும் அரக்கு முத்திரை. மாதிரி எடுப்பதாகக் கடைக்காரருக்கு 5ஏ படிவத்தில் அறிவிப்பு. சாட்சிக்குத்தான் திண்டாட்டம். டீக்கடைக்காரர் நழுவிவிட்டார், கேஸ் சிலிண்டர் இறக்க வந்தவர் மாட்டினார். பகுப்பாய்வு அறிக்கை தரக்குறைவு என்று வந்தது. கோப்பு மாவட்ட வருவாய் அலுவலர் முன் விசாரணைக்குப் போனது.

அண்ணாச்சியின் வக்கீல் எண்ணெயைப் பற்றிப் பேசவே இல்லை. "இந்த ஒன்றியம் சாருக்கு எந்த அறிவிக்கையில் ஒதுக்கப்பட்டது?" என்று மட்டும் கேட்டார்.

கடை இருந்தது பக்கத்து ஒன்றியத்தில். அங்கிருந்த அலுவலர் மாறுதலில் போய் இடம் காலி. "நீங்களே பார்த்துக்கிடுங்க" என்று போனில் சொல்லி, பிறகு ஒரு அலுவலக ஆணையும் கொடுத்திருந்தார்கள். கூடுதல் பொறுப்பு என்றால் சம்பளக் கணக்குக்கும் தபாலுக்கும் அது போதும். உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆம் பிரிவுக்குப் போதாது. உணவு பாதுகாப்பு ஆணையர் அறிவிக்கை வழியாக அலுவலரை நியமித்து, எந்தப் பகுதி என்றும் ஒதுக்க வேண்டும். இல்லையென்றால், தகுதியுள்ள அரசு அலுவலர் ஒருவருக்கு மாநில அரசு எல்லை குறிப்பிட்டு அதிகாரம் அளிக்கலாம். என் கையில் இருந்தது இரண்டும் இல்லை. வருவாய் அலுவலர் அந்த அலுவலக ஆணையை இருமுறை படித்தார். வழக்கு அத்தோடு முடிந்தது.

ஒரு வாரம் கோபம் ஆறவில்லை. மட்டமான எண்ணெய் ரோட்டுக்கு இந்தப் பக்கம் விற்றால் என்ன, அந்தப் பக்கம் விற்றால் என்ன? ஆனால் பூட்டிய கடையைத் திறக்கச் சொல்லவும், சரக்கைப் பறிமுதல் செய்யவும் எனக்கு உரிமை தருவது அறிவிக்கை என்ற அந்த ஒரு தாள்தான். அது இல்லாமல் உள்ளே நுழைந்தால் நானும் வழிப்போக்கன்தானே. காரணமில்லாமல் தொந்தரவு செய்யும் அலுவலருக்கே 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 39-ஆம் பிரிவு. அதைப் பயிற்சியில் வேகமாகக் கடந்துவிட்டோம்.

2011 ஆகஸ்ட் 5-ல் இந்தப் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 1954 உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் 'உணவு ஆய்வாளர்' 'உணவு பாதுகாப்பு அலுவலர்' ஆனார். பெயர் நீண்டது, ஜீப் வரவில்லை. மாதிரி எடுக்க நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். தன் நியமன ஆணையை எப்படிப் படிப்பது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. இடம் காலியான அன்றே அறிவிக்கைக்கு முன்மொழிவு அனுப்ப வேண்டும் என்று பிறகு நான் நச்சரித்ததில் அலுவலகத்தில் எனக்குக் கெட்ட பெயர்தான்.

முறையான அறிவிக்கை வந்தபின் அதே கடைக்குப் போனேன். அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டார். "பேப்பர் வந்துட்டா சார்?"

பையில் அரக்குக் கட்டிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். அப்புறம் எண்ணெய் ரேக்கின் பக்கம் கையைக் காட்டினார்.