கணக்கில் வரும் பிள்ளைகள்

குற்ற வழக்கில் சிக்கும் சிறாரை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் எனக்கு நன்னடத்தை அலுவலர் வேலை என்று சொன்னால் உடனே வரும் கேள்வி: “இந்தக் காலத்துப் பசங்க ரொம்பக் கெட்டுட்டாங்க இல்ல சார்?”

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி, சிறார் மீது இ.பி.கோ.வில் பதிவான வழக்குகள் 2000-இல் 9,267. அடுத்த ஆண்டே 16,509. ஒரே வருடத்திலா பிள்ளைகள் இத்தனை கெட்டார்கள்? மாறியது சட்டம். 1986 சிறார் நீதிச் சட்டப்படி 16 வயதுக்கு உட்பட்ட பையன்தான் சிறார். புதிய சட்டம் 2001 ஏப்ரலில் அமலுக்கு வந்து அதை 18 ஆக்கியது. அதுவரை பெரியவர்கள் கணக்கில் இருந்தவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். அப்புறம் எண்ணிக்கை மெல்ல ஏறியது, உண்மைதான். ஆனால் 2016-இல் 35,849 ஆக இருந்த மொத்த வழக்குகள் 2022-இல் 30,555 ஆகிவிட்டன. இது யார் காதிலும் விழுவதில்லை.

பிடிபடுபவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் 16, 17 வயதுக்காரர்கள். பையனின் குடும்பச் சூழலைக் குழுமத்துக்குச் சொல்லும் சமூக விசாரணை அறிக்கைக்காக வீட்டுக்குப் போனால் திரும்பத் திரும்பக் காதில் விழுவது ஒன்பதாம் வகுப்பு. எட்டு வரை தேர்ச்சி போட்டுவிடுகிறார்கள். பத்தாவதில் நூறு சதவீதம் காட்ட வேண்டுமே, அதனால் படிப்பு வராதவனை ஒன்பதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

செல்போன் பறிப்பு வழக்கில் வந்த ஒரு பதினேழு வயதுப் பையனின் அம்மா, மீன் சந்தையில் வேலை செய்பவர், ரேஷன் கார்டோடு அந்த டி.சி.யையும் பாலிதீன் கவரில் பத்திரமாக வைத்திருந்தார். வேறு பள்ளியில் சேர்க்க அலைந்தாராம், இடம் கிடைக்கவில்லை. பையன் வண்டி மட்டும்தான் ஓட்டினான். வண்டி ஏரியா அண்ணன் ஒருவருடையது, பறித்த போனும் அவரிடம்தான் போனது. “அண்ணன்தான் சார் சாப்பாடு வாங்கித் தருவாரு” என்றான்.

வழக்கில் அந்த அண்ணன் பெயரே இல்லை. சிறாரைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் அபராதம் என்கிறது 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 83-ஆம் பிரிவு. என் கைக்கு வந்த கோப்புகளில் அந்தப் பிரிவைப் பார்ப்பது அபூர்வம். அதனால் அறிக்கையில் தனியாக ஒரு பத்தி ஒதுக்கி, வண்டி யாருடையது, பொருள் யாரிடம் போனது என்று விடாமல் எழுதி வருகிறேன்.