பழைய சோடா மெஷினுக்குப் புது விளக்கு

கராஜில் நிற்கும் எழுபதுகளின் கோக் மெஷினுக்கு ஒருவழியாக எல்.இ.டி. குழல் மாட்டியாகிவிட்டது. பழைய டியூப் கண்ணடித்துக் கண்ணடித்துத்தான் எரியும், குளிர்காலத்தில் அதுவும் சந்தேகம்.

குழலை மாற்றுவது பெரிய வேலையில்லை, சோக்தான் விஷயம். அமெரிக்காவில் 1979-இல் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெயின் தயாரிப்பைத் தடை செய்தார்கள். அதற்கு முந்தைய சோக்குகளில் அது இருக்க வாய்ப்பு அதிகம். ‘நோ பி.சி.பி.’ என்று லேபிளில் இல்லையென்றால் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் தார் ஒழுகியிருந்தால் வெறுங்கையால் தொடவே கூடாது.

பிளக்கைப் பிடுங்கி, சோக்கைக் கழற்றி, 120 வோல்ட் ஒயரை நேரே குழல் மாட்டும் சாக்கெட்டில் கொடுத்தேன். நான் வாங்கிய குழலுக்கு ஒரு முனையில் மட்டும்தான் மின்சாரம். இரு முனையிலும் கொடுக்கிற வகையும் உண்டு. லேபிளைப் படிக்காமல் கைவைக்காதீர்கள். அப்புறம் உள்ளே ‘சோக் இல்லை, எல்.இ.டி. மட்டும்’ என்று எழுதி ஒட்டினேன். நாளைக்கு எவராவது பழைய டியூபை மாட்டித் தொலைத்தால்?

வெளிச்சத்தின் நிறத்தில் 6500 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளை) மட்டும் வேண்டாம், அந்தச் சிவப்பு முகப்பு ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிடும். 4000 போதும். கழற்றிய டியூபில் பாதரசம் இருப்பதால் அது குப்பைக்கு இல்லை, கவுன்டி சேகரிப்பு மையத்துக்கு.

அடுத்து நாணயப் பெட்டி. கால் டாலரை விழுங்கிவிட்டுச் சும்மா நிற்கிறது.